மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை

ஜூன் 2

புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் 0.4 மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒன்றுக்குப் போவது சுலபமாகிவிட்டது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். முக்கிக்கொண்டு நிற்பது போயிற்று, ராத்திரி எழுந்திருப்பதும் குறைந்தது. ஆனால் கட்டிலை விட்டு எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது. செருப்பு மாட்டக் குனிந்து நிமிர்ந்தால் கண்ணை இருட்டுகிறது.

சிறுநீர்ப்பையின் வாயிலும், அதற்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலும் உள்ள தசையைத் தளர்த்துவதுதான் இந்த மாத்திரையின் வேலை. ரத்தக் குழாய்ச் சுவரிலும் அதே மாதிரித் தசை இருக்கிறது. அதுவும் கொஞ்சம் தளர்ந்துவிடுவதால் எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கிவிடுகிறது. நான் ஏற்கெனவே பிரஷருக்கு அம்லோடிபின் போட்டுக்கொள்கிறவன், கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. உறவின்போது விந்து வெளியே வருவதே இல்லை. 64 வயதில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று மகன் கேட்பான். கேட்கட்டும். டாக்டரிடம் சொல்லாமலே பலர் இந்த மாத்திரையை நிறுத்திவிடுவது இதனால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஜூன் 6

யூராலஜி டாக்டரைப் பார்த்தேன். இளம் வயது, அவசரப்படாமல் பேசுகிறார். முதலில் தொந்தரவு எவ்வளவு என்று அளக்க ஏழு கேள்வி கொண்ட ஒரு தாள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. எனக்கு மாத்திரையோடும் 15 வந்தது. 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-ம் அதற்கு மேலும் கடுமை.

பிறகு யூரோஃப்ளோ, அதாவது சிறுநீர் போகும் வேகத்தை அளக்கிற சோதனை. ஒரு புனல், அதன் அடியில் ஜாடி, ஜாடிக்குக் கீழே எடை பார்க்கும் தட்டு. வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு, "சார், சாதாரணமா போறாப்ல போங்க" என்றார். வெளியே ஐந்தாறு பேர் காத்திருக்க, எங்கிருந்து சாதாரணம் வரும்? தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட பிறகுதான் காரியம் நடந்தது. காகிதத்தில் கோடு உயரவே இல்லை, தரையோடு தரையாக நீண்டுகொண்டே போனது. உச்ச வேகம் நொடிக்கு 9 மில்லி. 15-க்கு மேல் இருந்தால் நல்லதாம், 10-க்குக் கீழே என்றால் அடைப்பைச் சந்தேகிப்பார்களாம். ஸ்கேனில் சுரப்பி 52 கிராம், போன பிறகும் சிறுநீர்ப்பையில் 90 மில்லி பாக்கி.

"மாத்திரை மாத்தலாம் சார், ஆனா எல்லாத்துக்கும் ஒரு குணம் இருக்கு" என்றார். சிலோடோசின் பிரஷரை அவ்வளவாகத் தொடாது, ஆனால் விந்து விஷயத்தில் டாம்சுலோசினை விட மோசம். டுடாஸ்டெரைடு சுரப்பியையே சுருக்கும், பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். சிலருக்கு ஆசையும் குறையும். புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் காட்டிவிடும் என்பதால் எந்த டாக்டரிடம் போனாலும் அதைச் சாப்பிடுவதைச் சொல்லியாக வேண்டும். தினம் 5 மில்லிகிராம் டடாலஃபில் என்று ஒரு வழி. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கிறவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. எனக்கு அல்ஃபுசோசின் 10 எழுதிக் கொடுத்தார், சாப்பிட்ட கையோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் 9

சம்பந்தி போன் செய்தார். அவர் டி.யு.ஆர்.பி. என்கிற புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டவர்.

"சம்பந்தி, பயப்படாதீங்க. முதுகுல ஊசி போட்டுடுவாங்க, இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. வயித்தைக் கிழிக்கிறதெல்லாம் கிடையாது. ஒண்ணுக்குப் போற வழியாவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துருவாங்க. டியூப்தான் ரெண்டு நாள் தொந்தரவு. முதல் நாள் பையில ரோஸ்மில்க் கலர்ல இறங்கும், அதைப் பார்த்து மிரண்டுறாதீங்க."

இப்போது தாராளமாகப் போகிறதாம், ஒரு மாத்திரையும் கிடையாதாம். விந்து பற்றித் தயங்கித்தான் கேட்டேன். "அது பின்னாடி மூத்திரப்பைக்குள்ள போயிடுது. போனா போகட்டும், பேரன் பேத்தி எடுத்தாச்சு" என்று சிரித்தார்.

அவருக்கு அது பொருட்டில்லை. எனக்கும் என் மனைவிக்கும் பொருட்டுதான். சுரப்பி ஒரே அளவாக இருந்தாலும் ஆளுக்கு ஆள் வைத்தியம் மாறுவது இந்த இடத்தில்தான்.

ஜூன் 13

கண் ஆஸ்பத்திரி. வலது கண்ணில் புரை. மருந்துச் சீட்டைப் புரட்டிய கண் டாக்டர், "புராஸ்டேட்டுக்கு ஏதாவது சாப்பிடறீங்களா, முன்னாடி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். டாம்சுலோசின் சாப்பிட்டவர்களுக்குக் கண்புரை ஆபரேஷனின் நடுவில் கருவிழித்திரை தொளதொளத்து, கண்பாப்பா சுருங்கிவிடலாம். இதை 2005-ல் கண்டறிந்து எழுதினார்களாம். மாத்திரையை நிறுத்திவிட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது. முன்கூட்டியே தெரிந்தால் தயாராக இருப்பார்கள், அவ்வளவுதான். மாத்திரை எழுதிக் கொடுத்த இடத்தில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

ஜூன் 20

அல்ஃபுசோசினில் கிறுகிறுப்பு குறைந்திருக்கிறது, அடியோடு போகவில்லை. விந்து பழையபடி வருகிறது. வேகம் 10 மில்லி.

ஆபரேஷன் வகைகளைப் பற்றி டாக்டரிடம் விலாவாரியாகப் பேசினேன். ஹோலெப் என்பது லேசரால் வளர்ந்த சதையைத் தோலிலிருந்து சுளையை எடுப்பதுபோல் முழுசாகப் பெயர்த்தெடுப்பது. எவ்வளவு பெரிய சுரப்பிக்கும் ஆகும், ரத்தப்போக்கும் குறைவு. ஆனால் விந்து விஷயத்தில் சம்பந்திக்கு நேர்ந்ததுதான் இதிலும் பெரும்பாலோருக்கு நேரும். யூரோலிஃப்ட்டில் எதையும் வெட்டுவதில்லை, இரண்டு பக்கச் சதையையும் தையல் போன்ற கம்பியால் இழுத்து ஒதுக்கி வழி விடுகிறார்கள். விந்துக்குச் சேதமில்லை. ஆனால் சில வருஷத்தில் மறுபடி ஏதாவது செய்ய வேண்டி வருவது அதிகம்.

என் மனசுக்குப் பிடித்தது நீராவி முறை, பெயர் ரெஸூம். ஊசி வழியாக 9 நொடி நீராவியைச் சதைக்குள் செலுத்துவார்கள். வெந்துபோன திசுவை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். 30 முதல் 80 கிராம் வரை உள்ள சுரப்பிக்குச் சரிப்படும், என்னுடையது அதற்குள் வருகிறது. மருந்து இல்லாமல் இருக்கலாம், விந்தும் பெரும்பாலும் தப்பும். சங்கடம் என்னவென்றால், செய்த கையோடு வீங்கிக்கொள்ளும். சில நாள் டியூப், முழுப் பலனுக்கு மூன்று மாதம். எல்லா ஊரிலும் இது கிடையாது, கருவியும் ஒரு தடவைக்குத்தான், விலை அதிகம். மணிக்கட்டு அல்லது தொடை ரத்தக் குழாய் வழியாகப் போய்ப் புராஸ்டேட்டுக்கு வரும் ரத்தத்தை அடைக்கிற முறையும் உண்டு. அதைச் செய்வது யூராலஜிக்காரர் அல்ல, ரேடியாலஜி டாக்டர்.

"காத்திருக்கலாமா?" என்றேன். அடியோடு அடைத்துக்கொண்டாலோ, பையில் கல் வந்தாலோ, திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று வந்தாலோ, கிட்னி வீங்கினாலோ காத்திருக்கக் கூடாது என்றார். எனக்கு இப்போதைக்கு எதுவும் இல்லை.

ஜூன் 27

மச்சினன் நெருஞ்சில் கஷாயப் பொடி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். டாக்டரிடம் கேட்காமல் பிரஷர் மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதாக இல்லை. அவனுக்குக் கோபம்தான்.

சாயங்கால டீயை நிறுத்தியிருக்கிறேன், எட்டு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை. ஒன்றுக்குப் போய்விட்டு ஒரு நிமிஷம் நின்று மறுபடி போகிறேன். ஜலதோஷம் பிடித்தபோது மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த மாத்திரையை வேண்டாம் என்றேன். மூக்கடைப்புக்குத் தருவதில் பல சிறுநீரைக் கட்டிவிடும்.

செப்டம்பர் வரை அல்ஃபுசோசின். அப்போது மறுபடி யூரோஃப்ளோ, ஸ்கேன். பாக்கி நிற்பது ஏறியிருந்தாலோ கிறுகிறுப்பு விடாவிட்டாலோ நீராவிதான் என்று நானும் மனைவியும் பேசி வைத்திருக்கிறோம். காப்பீட்டில் அதற்குப் பணம் தருவார்களா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. கண் ஆபரேஷன் அதற்கு முன்னால், ஜூலையில்.