கோலில் பெயர் இல்லை

அக்டோபர் 4
இன்றும் பக்கத்து வீட்டுத் தாத்தா வீட்டில் விளக்கு எரியவில்லை. அவருடைய பாஞ்சோ, அந்தத் தந்தி வாத்தியம், என் மேசைமேல்தான் இருக்கிறது.

அக்டோபர் 5
செய்தவர் பெயர் இருந்தால் கழுத்தின் தலைப்பக்கம் இருக்கும், இல்லையென்றால் தோல் போர்த்திய வட்ட வளையத்துக்குள் குறுக்காக ஓடும் மரக்கோலில் இருக்கும். பிலடெல்பியாவில் பாஞ்சோ செய்த எஸ்.எஸ். ஸ்டூவர்ட் கோலில்தான் பெயரைப் பொறிப்பார். பாஸ்டனின் ஃபேர்பேங்ஸும் அப்படித்தான். இதில் இரண்டு இடமும் காலி. தாத்தா நியூயார்க்கில் வாங்கியது என்று மட்டும் சொன்னார், அதுவும் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது.

அக்டோபர் 6
மழை. கன்றுத்தோல் தொய்ந்து, தட்டினால் ஈர மிருதங்கம் மாதிரி கேட்கிறது. போன் வரவில்லை.

அக்டோபர் 8
கோலை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்திருக்கவே கூடாது. பென்சிலில் ஏதோ எழுதியிருந்திருக்கிறது, துணியோடு வந்துவிட்டது. 4 போல ஒன்றுதான் மிச்சம். கடைக்காரர் குறித்ததோ, செய்தவரே எழுதியதோ. தாத்தாவிடம் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 11
தூங்கவில்லை. கழுத்து வந்து வளையத்தில் சேரும் இடத்தைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பெயர்த்தகட்டை யாரும் கழற்றிவிடலாம், அந்த அடிப்பகுதியை இழைக்கும் விதம் பட்டறையின் கைப்பழக்கம், அது மாறாது. பழைய பாஞ்சோக்களின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நியூயார்க் பக்பீ பட்டறையின் வளைவு இதே வளைவு! மரவளையத்தின்மேல் உலோகத்தகடு போர்த்தி, ஓரத்தைக் கம்பிமேல் மடித்திருப்பதும் ஒத்துப்போகிறது. ஆனால் அதை மற்றவர்களும் செய்தார்கள், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பக்பீ கடைகளுக்கு மொத்தமாகச் செய்துகொடுத்தவர். கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் போட்டு விற்றார்கள், பல பாஞ்சோக்கள் பெயரே இல்லாமலும் போயின. 1897-ல் பட்டறை ரெட்பெர்க் அண்டு லாங் கைக்கு மாறியது. அப்படியானால் இது அதற்கும் முந்தியது.

அந்த 4 மட்டும் உறுத்துகிறது.

அக்டோபர் 12
தாத்தாவின் மகள் கூப்பிட்டார். நாளை மறுநாள் பார்க்கலாமாம். ஐந்து நிமிஷம்.

அக்டோபர் 13
கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் ஐந்தாவது பிரடை மட்டும் வேறு மரம். யாரோ மாற்றியிருக்கிறார்கள். தாத்தாவா? இதையும் கேட்க வேண்டும். ஐந்து நிமிஷம் போதுமா?

அக்டோபர் 14
பென்சில் விஷயத்தை முதலில் சொல்லிவிடுவேன், அப்புறம் பக்பீ. மழை விட்டதில் தோல் இறுகியிருக்கிறது, காலையில் மீட்டியபோது குரல் தெளிவாக வந்தது. பாஞ்சோவையே உள்ளே எடுத்து வரலாமா என்று வார்டில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. பத்தரைக்குக் கிளம்ப வேண்டும்.