பாக்கெட்டில் விலை அச்சான பிறகு

சொந்தமாக ஏதாவது தொடங்க ஆசை, ஆனால் தைரியம் வரவில்லை என்று யாராவது சொன்னால், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். எனக்குப் பணம் போய்விடுமோ என்ற பயம் பெரிதாக இருந்ததில்லை, போட்டதே கொஞ்சம்தான். தெரிந்தவர்களிடம் விலை சொல்லிக் காசு வாங்க வேண்டுமே என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. கரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேர் பங்காளிகள், மீதிப் பேர் மாமன் மச்சான்கள். யாரிடம் போய் விலை சொல்வது?

பல வருடங்களாக நலங்கு மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போக அரிசி, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ், கஸ்தூரி மஞ்சள். இந்தக் கடைசிச் சாமானை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். அசல் கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும், பூசினால் மஞ்சள் ஒட்டாது. பளிச்சென்ற மஞ்சளாக ஒன்றைக் கொடுத்து இதுதான் கஸ்தூரி மஞ்சள் என்று சாதிக்கிற கடைகளே அதிகம். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சீர் வீட்டுக்கும் டப்பா டப்பாவாகக் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஒருவரும் காசு கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

2022 கடைசியில் நாத்தனார் மகள்தான் போட்டு உடைத்தாள். "அத்தை, நீங்க சும்மா குடுக்கறதை நான் ஆன்லைன்ல முந்நூறு ரூபாய்க்குப் பார்த்தேன். அதுல பயறு மாவு வாசம் மட்டும்தான் வருது." அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, விசாரிப்போம் என்று மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன். அங்கேதான் ஒரு விஷயம் விளங்கியது. ஒரே செடியாக இருந்தாலும், அதை என்னவென்று சொல்லி விற்கிறோம் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். உடம்பில் பூசிக் குளிக்க என்றால் அது அழகுசாதனப் பொருள். அழகுசாதனப் பொருள்களுக்கான 2020-ம் ஆண்டு விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். தனி இடம், தகுதியுள்ள ஆள், ஆய்வு எல்லாம் அதில் வரும். நோய்க்கு மருந்து என்றால் சித்த மருந்து உரிமம். சாப்பிடும் பொருளாக விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறை. வீட்டுச் சமையலறையை வைத்துக்கொண்டு சின்னதாகத் தொடங்க இந்த மூன்றாவது வழிதான் சுலபம். நான் பெயர் வாங்கியது குளியல் பொடியில், கையில் கிடைத்த கதவோ கீரைப் பொடிக்கு. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் பக்கம் முருங்கைக்குக் குறைவா? அரவக்குறிச்சி வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாகச் செடிமுருங்கை. எல்லாம் காய்க்காக வைப்பது. கவாத்து பண்ணும்போது வெட்டிப் போடும் கிளைகளில் இருக்கும் தழை ஆட்டுக்குப் போகும், மீதி காய்ந்து கிடக்கும். அதை வாங்கிக்கொள்ளலாமே என்று எல்லோரும் யோசனை சொன்னார்கள். அங்கே ஒரு சிக்கல் உண்டு. பூவிலும் பிஞ்சிலும் புழு விழாமல் இருக்க மருந்து அடித்த தோட்டத்துத் தழையை ஒருபோதும் எடுக்கக் கூடாது. கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று கேட்டால் பலர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மருந்தே அடிக்காத இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, காய் விலை விழுந்தாலும் ஏறினாலும் தழைக்கு ஒரே விலை என்று பேசி வைத்தேன். கூடவே தூதுவளையும் முடக்கத்தானும்.

காய வைப்பதுதான் இந்தத் தொழிலின் முழு வித்தையும். தழையை மஞ்சள் தண்ணீரில் அலசி, நீர் வடிந்ததும் காம்பு நீக்கி உருவி, வெள்ளை வேட்டியில் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். நேர் வெயில் படக் கூடாது. பட்டால் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும், வாசமும் வைக்கோல் மாதிரி ஆகிவிடும். மின்விசிறிக் காற்றில் நிழலில் காய்ந்த இலையைக் கைக்குள் வைத்துக் கசக்கினால் அப்பளம்போல நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அப்படியே அரைத்தால் பூஞ்சை பிடிக்கும். பத்துக் கிலோ தழை காம்போடு வாங்கினால் ஒன்றரைக் கிலோ பொடிகூடத் தேறாது. ஐப்பசி கார்த்திகை மழையில் அடுக்கிய இலை கறுத்துப்போய் மொத்தத்தையும் குப்பையில் கொட்டியதுண்டு. அதற்கப்புறம்தான் சூரிய உலர்த்தி ஒன்று வாங்கினோம். வங்கிக் கடனெல்லாம் இல்லை, சீட்டு எடுத்த பணம்.

உணவுப் பதிவைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். நான் எடுத்தது 2023-ல். அப்போது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அடிப்படைப் பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய் கட்டணம். இணையத்தில் விண்ணப்பம், போட்டோ, ஆதார், முகவரிச் சான்று. இதற்காக இடைத்தரகர் ஒருவர் கேட்ட தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிறு தொழில் என்று பதிந்துகொள்ளும் உத்யம் பதிவுக்கு அரசு காசே வாங்குவதில்லை, அதற்கும் சேர்த்துத்தான் கேட்டார். இரண்டையும் மகன் உட்கார்ந்து போட்டுவிட்டான். உணவுப் பதிவின் 14 இலக்க எண் வந்த அன்று அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சமையலறையில் ஒட்டினேன்.

லேபிள் அடிக்கும்போதுதான் வீட்டுக்குள் சண்டை. பொட்டலத்தின்மேல் உட்பொருள், நிகர எடை, தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி எண், புகார் சொல்லத் தொடர்பு எண், பச்சைப் புள்ளி, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை என்று நிறைய வேண்டும். தராசுக்கும் முத்திரை போட்டிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. இதிலெல்லாம் தகராறு இல்லை. கொழுந்தனார், "மூட்டு வலி போகும், சுகர் குறையும்னு ரெண்டு வரி போடுங்க அண்ணி, அப்பத்தான் நகரும்" என்றார். ஆவாரம்பூப் பொட்டலம் போடும்போது 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று அச்சடிக்கலாம் என்பது அவருடைய அடுத்த யோசனை. நீரிழிவு, புற்றுநோய், உடல் பருமன் போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் பொடியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது? 'முருங்கைக்கீரைப் பொடி, சாதத்திலும் சூப்பிலும் கலந்து சாப்பிட' என்று மட்டும் போட்டேன். அவர் ஒரு வாரம் பேசவில்லை.

முதல் விற்பனை எதிர்வீட்டு அக்காவிடம். பொட்டலத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கையெல்லாம் வியர்த்துவிட்டது. வழக்கம்போல, "நமக்குள்ள என்ன கண்ணு காசு" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே அச்சிட்டிருந்ததைப் படித்தார். "நூறு கிராம் நூத்தியிருபதா? இரு, சில்லறை இருக்கான்னு பாக்கறேன்" என்று உள்ளே போனார். அவ்வளவுதான். நான் வாயே திறக்கவில்லை, அச்சடித்த விலையே கேட்டுவிட்டது. டப்பாவில் போட்டுக் கொடுத்தபோது அது அன்பளிப்பு. எண்ணும் தேதியும் விலையும் ஏறிய பிறகு அவருக்கும் அது கடைச்சரக்கு ஆகிவிட்டது. அரசாங்கக் காகிதத்துக்குப் பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட எனக்கு, கூச்சத்தை எடுத்துவிட்டதே அந்தக் காகிதம்தான்.

எல்லோரும் அப்படி வாங்கிவிடவில்லை. சொந்தக்காரர் ஒருவர், "தோட்டத்துல சும்மா கிடக்கிற தழைக்கு நூத்தியிருபதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். பத்துக் கிலோ தழை அனுப்புகிறேன், உருவிக் காய வைத்து அரைத்துக் கொடுங்கள், கூலி தருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்றாலும் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வாயில் அது வந்திருக்காது.

இப்போது மூன்று பொடிகள், இரண்டு கடைகள், வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குகிறவர்கள். உருவுவதற்குத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வருகிறார்கள், அவர்கள் கூலி போக நிற்பது பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். நலங்கு மாவை மட்டும் இன்னும் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. உரிமம் உள்ள வேறொருவரின் கூடத்தில் நம் பெயரில் தயாரித்துக்கொள்ளக் கடன் உரிமம் என்று ஒரு வழி இருக்கிறது. அப்படிச் செய்து தரும் இடம் ஒன்றைக் கோயம்புத்தூரில் பார்த்து வந்திருக்கிறேன். கஸ்தூரி மஞ்சளை நானே வாங்கிக் கொடுப்பேன் என்பதற்கு அவர்கள் இன்னும் சரி சொல்லவில்லை.