இரண்டு அறை, இரண்டு பை

எங்கள் மஜ்ஜை மாற்று வார்டில் அன்று ஒரே காலையில் இரண்டு பேருக்கு ‘டே ஜீரோ’, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை ஏற்றும் நாள். முதல் அறையில் ரத்தப் புற்றுநோய் வந்த 19 வயதுத் தம்பி. அவனுக்கு அவனுடைய அக்கா டோனர். பக்கத்து அறையில் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி வந்த 4 வயதுக் குழந்தை. அவளுக்கு அவளுடைய செல்களையே முன்கூட்டி எடுத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருந்தார்கள். நான் நர்ஸாக அந்த வார்டில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

குழந்தையின் பையை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து உருக்கினோம். ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்து, கடைசியில் நடுவில் ஒரு சின்னப் பனித்துண்டு நிற்கும். செல்கள் உறையும்போது சேதமாகாமல் இருக்க டிஎம்எஸ்ஓ என்ற திரவம் சேர்ப்பார்கள். அது உடம்புக்குள் போனதும் மூச்சு வழியாக வெளியே வரும். பை பாதி இறங்குவதற்குள் அறை முழுக்கப் பூண்டு வாடை.

“சிஸ்டர், இந்தச் செல் போய் கட்டியை அழிச்சிடுமா?” என்று குழந்தையின் அப்பா கேட்டார்.

“ஆமாங்க, மிச்சம் இருக்கிற நோயோட இது சண்டை போடும்” என்றேன்.

பக்கத்து அறையில் சொல்லவேண்டிய பதில் அது. இந்த அறைக்குப் பொருந்தாது. கூட நின்ற சீனியர் சிஸ்டர் என்னை வெளியே அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்: “பேரு ஒண்ணுதான்மா, வேலை வேற.”

கட்டிப் புற்றுநோயில் நோயைத் தாக்குவது அதிக டோஸ் கீமோ. அந்த அளவு மருந்தை மஜ்ஜை தாங்காது, காலியாகிவிடும். சேமித்து வைத்த சொந்தச் செல்கள் அந்தக் காலி இடத்தை மறுபடி நிரப்ப வருகின்றன, அவ்வளவுதான். ரத்தப் புற்றுநோய்க்கு இன்னொருவரின் செல்லை ஏற்றும்போது கதை வேறு. டோனரின் வெள்ளணுக்கள் ஒளிந்திருக்கும் நோய்ச் செல்களை அந்நியமாகப் பார்த்துத் தேடி அழிக்கும். அதனால்தான் ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடமிருந்து செல் வாங்கியவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம். அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதால் அந்தச் செல்களுக்கு எதிரியைத் தெரிவதில்லை. அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1957-இல் முதல் மஜ்ஜை ஏற்றல்களைப் பற்றி எழுதியபோது நோயாளிகள் யாரும் நெடுநாள் பிழைக்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1990-இல். இடைப்பட்ட காலத்தில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இந்தச் சண்டையை எப்படி அளவோடு வைத்துக்கொள்வது என்பதுதான்.

சாயங்காலம் அந்த அப்பாவிடம் திரும்பப் போனேன். “காலையில நான் சொன்னது தப்புங்க. கட்டியை அடிக்கிற மருந்து ஏற்கெனவே போயாச்சு. இந்தச் செல் மஜ்ஜையை மீட்கத்தான்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்போ அவ ஐஸ் சப்பிக்கிட்டு அழுதாளே, அன்னைக்குப் போனதுதான் மருந்தா?” என்றார்.

ஆமாம். மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் வைத்தால் ரத்தக்குழாய் சுருங்கி, வாய்ப்புண் குறையும். அவர்தான் அன்று துண்டு துண்டாக எடுத்து ஊட்டினார். கோபப்படுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் தூங்குகிற குழந்தையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, “சொன்னதுக்கு நன்றிம்மா” என்றார். இன்றுவரை அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

ரத்த அணுக்களின் கவுண்ட் ஏறிய பிறகு அந்தத் தம்பிக்கு உள்ளங்கையில் சிவப்புத் தடிப்பு வந்தது. ஜிவிஎச்டி, டோனர் செல்கள் அவன் உடம்பையே தாக்குவது. முற்றினால் உயிருக்கே ஆபத்து, குடலையும் கல்லீரலையும் பாதிக்கும். ஆனால் லேசாக வந்தால் நோய்ச் செல்களையும் அவை தாக்குகின்றன என்ற நம்பிக்கை வரும். தடிப்பைப் பார்த்து டாக்டர் முகத்தில் கவலையும் நிம்மதியும் சேர்ந்தே தெரிந்தன.

கட்டி நோய்களில் அப்படி ஓர் உதவி கிடையாது. நியூரோபிளாஸ்டோமா, திரும்பி வந்த சில விரைப் புற்றுநோய்கள் போன்று, கீமோவுக்கு நன்றாக மசியும் கட்டிகளில்தான் டோஸை உயர்த்துவதற்குப் பலன் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு 1990-களில் ஆயிரக்கணக்கான பெண்கள் இதே சிகிச்சையைத் தாங்கினார்கள். 1999-இல் பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தபோது, வழக்கமான கீமோவைவிட ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. பலன் உண்டு என்று காட்டிய தென்னாப்பிரிக்க ஆய்வு பொய்யானது என்று அடுத்த ஆண்டு வெளிவந்தது. எத்தனை பேர் வாய் வெந்து, முடி கொட்டி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள்! அவர்களிடமும் யாரோ நல்ல மனதோடு என்னைப்போல ஒரு பதிலைச் சொல்லியிருப்பார்கள் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

குழந்தையின் கவுண்ட்டை அவளுடைய அப்பா தினமும் ஒரு நோட்டில் குறித்துவந்தார். 12-ஆம் நாள், நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை மூன்றாவது நாளாக 500-க்கு மேல் நின்றது. வார்டில் எல்லாரும் கைதட்டினோம். அவரும் சிரித்தார். பிறகு நோட்டை மூடிவிட்டு என்னிடம் கேட்டார்:

“மஜ்ஜை வந்துடுச்சு சிஸ்டர். கட்டிக்கு ஸ்கேன் எப்போ?”