சாய்தளம் 'உண்டு' என்று எழுதியிருந்த பள்ளிக்கூடம்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சாய்தளம் ஏற்கெனவே இருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் என்னென்ன வசதி இருக்கிறது என்று அரசு வைத்திருக்கிற யு-டைஸ் பதிவில் 'சாய்தளம்: உண்டு', 'சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான கழிப்பறை: உண்டு' என்று இரண்டுக்கும் குறி போட்டிருந்தார்கள். நாங்கள் பட்ட பாட்டில் பாதி அந்த இரண்டு 'உண்டு'களால் வந்தது. இல்லாததைக் கேட்டு வாங்கிவிடலாம். இருப்பதாகக் கணக்கில் ஏறிவிட்டதைச் சரிசெய்து தரச் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். இதே நிலையில் இருக்கிற பெற்றோருக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

நான் கொத்தனார். தென்காசி மாவட்டத்தில் புளியறைப் பக்கம், மலையடிவாரத்தில் ஊர். எங்கள் பக்கத்து ஆண்கள் பலரையும் போல வாரம் முழுக்கப் புனலூர், கொட்டாரக்கரை என்று கேரளத்தில் வேலை, சனிக்கிழமை ராத்திரி வீடு. மகளுக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். இரண்டு காலும் இறுக்கம், நிற்க வராது. படிப்பில் கெட்டி. நாலாம் வகுப்பு வரை அவள் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு வந்தாள். பிள்ளை வளர வளர அது முடியாமல் போனது. மாற்றுத்திறனாளிகளுக்கான உபகரணங்கள் செய்கிற மத்திய அரசு நிறுவனமான அலிம்கோவின் முகாமில் சக்கர நாற்காலி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்தைச் சக்கரத்தின் கண்ணால் பார்க்க ஆரம்பித்தோம்.

ஆரியங்காவில் இருக்கிற என் கொழுந்தியாள் அப்போது சொன்னாள்: "அத்தான், பேசாம இங்க கொண்டாந்து பட்ஸ் ஸ்கூல்ல சேத்துருங்க. வண்டி வீட்டு வாசலுக்கே வரும்." கேரளத்தில் பஞ்சாயத்துகள் நடத்துகிற பட்ஸ் பள்ளிகளை நானும் பார்த்திருக்கிறேன், அருமையாக நடத்துகிறார்கள். ஆனால் அவை அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கானவை. என் மகளுக்குக் கணக்கு வரும், தமிழ் வரும். படி ஏறத்தான் வராது. அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் மாற வேண்டும், பிள்ளை மாறக் கூடாது என்பதில் நானும் என் மனைவியும் உறுதியாக இருந்தோம்.

பழைய சாய்தளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து வராந்தா ஒன்றரை அடி உயரம், மூன்று படி. அந்த ஒன்றரை அடிக்கு 6 அடி நீளத்தில் சாய்வு போட்டு, மேலே சிமெண்ட்டை வழவழவென்று தேய்த்து விட்டிருந்தார்கள். கைப்பிடி கிடையாது. 1:12 என்பதுதான் சரியான கணக்கு. ஒரு அடி ஏறுவதற்கு 12 அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடிக்கு 18 அடி. மேலேயும் கீழேயும் நாற்காலி நின்று திரும்புவதற்கு அஞ்சஞ்சு அடி சமதளம். ஆக 28 அடி வேண்டிய இடத்தில் 6 அடியோடு முடித்துவிட்டார்கள். மேலே தள்ள இரண்டு ஆள் வேண்டும். இறங்கும்போது நாற்காலி கையை விட்டு ஓடும். எங்கள் பக்கம் ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் அந்தச் சிமெண்ட்டில் பாசி பிடித்து, நடக்கிற பிள்ளைகளே வழுக்கி விழுவார்கள்.

வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் சிறப்பாசிரியையும் இயன்முறை மருத்துவரும் ஒரு நாள் முழுக்க எங்களோடு இருந்தார்கள். அன்றைக்குச் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மகளை நாற்காலியில் வைத்து, காலையில் வாசல் கேட்டில் நுழைவதிலிருந்து சாயங்காலம் வெளியேறுவது வரை அவள் போக வேண்டிய இடமெல்லாம் போனோம். கேட், வகுப்பு, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, சத்துணவு சாப்பிடும் வராந்தா, கொடிக்கம்பம், விளையாட்டுத் திடல். சக்கரம் நின்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறி போட்டோம். கேட்டின் அடித்தண்டவாளத்தில் முதல் குறி. முற்றத்து மணலில் சக்கரம் புதைந்தது, அது இரண்டாவது. வகுப்பறை நிலைப்படி, குழாயடிச் சாக்கடை, திடலுக்கு இறங்கும் கல். நல்ல சாய்தளம் ஒன்று கட்டிக் கொடுத்திருந்தாலும், கேட்டிலிருந்து அதுவரைக்கும் அவளால் போயிருக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் பளிச்சென்று தெரிந்தது. அதனால் சாய்தளம் மட்டும் கேட்பதில்லை, விடுபடாத ஒரே வழி கேட்பது என்று முடிவு செய்தோம்.

அப்படிச் சுற்றும்போது சிறப்பாசிரியை இன்னொன்று சொன்னார்: "உங்க பிள்ளைக்கு மட்டும் பாக்காதீங்கண்ணே. ஏழாம் வகுப்புல பார்வை குறைஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், மூணாம் வகுப்புல காது கேக்காத பிள்ளை இருக்கு." அந்தப் பையனைக் கூட்டி வந்து நடக்கச் சொன்னோம். வராந்தாத் தூணும் தரையும் ஒரே சாம்பல் நிறம். மேகம் மூடினால் அவனுக்குத் தூண் தெரியாது; நெற்றியில் தழும்பே இருந்தது. படி ஓரத்திலும் தூணின் அடியிலும் மஞ்சள் பெயிண்ட் பட்டை அடித்தால் போதும் என்றார் ஆசிரியை. அதற்குத் தீர்மானமும் வேண்டாம், மதிப்பீடும் வேண்டாம். அடுத்த ஞாயிறே நானும் கூட வேலை பார்க்கிற தம்பியும் அடித்துவிட்டோம். கரும்பலகையில் ஜன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கியதால் அதை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். மூன்றாம் வகுப்பு நடந்தது தகரக்கூரைக் கட்டடத்தில். மழை பெய்தால் எந்தப் பிள்ளைக்குமே டீச்சர் குரல் கேட்காது, காதுக்கருவி போட்ட பிள்ளையைக் கேட்கவே வேண்டாம், கருவி அந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கிக் கொடுக்கும். தலைமையாசிரியை அந்த வகுப்பைக் கான்கிரீட் கட்டடத்துக்கு மாற்றி, சாமான்கள் வைத்திருந்த அறையைத் தகரக்கூரைக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார். காசில்லாமல் நடக்கிற இந்த வேலைகளை முதலில் முடிப்பது நல்லது. 'இவர்கள் மனுவோடு நிற்கிற ஆட்கள் இல்லை' என்று ஊரும் அதிகாரிகளும் பார்க்கிறார்கள்.

அப்புறம் காகிதம். பள்ளி மேலாண்மைக் குழுவில் என் மனைவிதான் துணைத் தலைவி. சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு அந்த இடத்தைக் கொடுக்கிறார்கள், இருப்பவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையிலேயே பள்ளிக் கட்டடத்துக்குத் தடையற்ற அணுகல் வேண்டும் என்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 16-ஆம் பிரிவு கட்டடம், வளாகம், வசதிகள் எல்லாவற்றையும் அணுகத் தக்கதாக வைக்கச் சொல்கிறது. 'வளாகம்' என்ற சொல் எங்களுக்குப் பெரிய பலம். இரண்டையும் எழுதி, சாக்பீஸ் குறிகளின் படங்களையும் வைத்து, குழுவில் தீர்மானம் போட்டுப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்த்தோம். அக்டோபர் 2 கிராம சபையில் ஊர்த் தீர்மானமும் ஆனது. என் மனைவி கூட்டத்தில் பேசியது அதுதான் முதல்முறை. குரல் நடுங்கினாலும் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

கோப்பு திரும்பி வந்தது. 'பதிவில் சாய்தளம் உள்ளது.' கழிப்பறைக்கும் அதே பதில். திரும்பக் கொடுத்தோம், திரும்ப வந்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்த பிறகு ஓவர்சியர் ஒருவர் பார்வையிட வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் கையும் கட்டப்பட்டிருந்தது. "இருக்கிறதுக்கே மறுபடி எப்படி எஸ்டிமேட் போடுறது அண்ணாச்சி?" என்றார். நான் வாதம் செய்யவில்லை. பிள்ளையின் எடைக்கு மணல் மூட்டை கட்டி நாற்காலியில் வைத்திருந்தேன். "சார், ஒருக்க மேல தள்ளிப் பாருங்க" என்றேன். தள்ளினார். பாதியில் செருப்பு வழுக்கி, நாற்காலி அவர் முழங்காலில் வந்து மோதி நின்றது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே டேப்பை எடுத்து அவரே அளந்தார். ரசமட்டத்தை வைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். 'உள்ளது; பயன்பாட்டுக்கு உகந்ததல்ல' என்று அவர் எழுதிய ஒரு வரியில்தான் கோப்பு நகர்ந்தது. உங்கள் ஊரிலும் 'உண்டு' என்று பதில் வந்தால், அளவோடு அப்படி ஒரு வரியை எழுதி வாங்கப் பாருங்கள். அடுத்த யு-டைஸ் பதிவில் அந்தக் குறியையும் திருத்தச் சொல்லுங்கள்.

சாய்தளத்துக்கு வந்த வரைபடம் பொதுவானது, எங்கள் முற்றத்துக்கு அது பொருந்தவில்லை. வாசலுக்கு நேரே 28 அடி நீட்டினால் கொடிக்கம்பத்தைத் தாண்டிவிடும். ஊர்ப் பெரியவர் ஒருவர் முற்றத்தில் மண் நிரப்பி உயர்த்திவிடலாமே என்றார். மலைத்தண்ணீர் முற்றம் வழியாகத்தான் ஓடை சேர்கிறது. அதை உயர்த்தினால் தண்ணீர் வகுப்புக்குள் வரும். அதனால் வராந்தாச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோனோம். டியூப் மட்டம் பிடித்து நானே கோடு போட்டுக் கொடுத்தேன். அகலம் 4 அடி. இரண்டு பக்கமும் கைப்பிடி, 90 செ.மீ. உயரத்தில் ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்காக 76 செ.மீ.யில் ஒன்று. சக்கரம் விளிம்பில் இறங்காதபடி ஓரத்தில் சிறு திண்டு. ஒப்பந்தக்காரர் பளபளப்பான டைல்ஸ் ஒட்டித் தருவதாக ஆசையோடு சொன்னார். வேண்டவே வேண்டாம் என்று நின்றேன். ஈரச் சிமெண்ட்டில் குறுக்காகத் துடைப்பத்தால் கோடு இழுத்து விட்டோம். சாரலுக்கு மேலே ஷீட்டும் போட்டோம். அடியில் தண்ணீர் வடியும் சாக்கடைக்குக் கம்பி மூடி போடும்போது கம்பிகள், நாற்காலி போகிற திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நெடுக்காக இருந்தால் நாற்காலியின் முன்சின்னச் சக்கரம் இடுக்கில் விழுந்து பிள்ளை முகம் குப்புற விழும்.

கழிப்பறை விஷயத்தில்தான் எனக்கு நெஞ்சு அடைத்துப் போனது. பதிவில் 'உண்டு' என்றிருந்த அந்த அறை பூட்டிக் கிடந்தது. உள்ளே துடைப்பம், பினாயில் கேன், உடைந்த பெஞ்சு. கதவு உள்பக்கம் திறக்கும். நாற்காலி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. என் மகள் காலையில் தண்ணீரே குடிக்காமல் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மத்தியானம் அவள் அம்மா போய்த் தூக்கிக்கொண்டு போவாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருப்பாள். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்டுத்தான் எனக்கே இது முழுசாகத் தெரிந்தது. வயசுக்கு வரப்போகிற பிள்ளை. அதன் பிறகு சாய்தளத்துக்கு முன்னாலேயே கழிப்பறையை முடித்துத் தாருங்கள் என்று எல்லாரையும் கேட்டேன்.

கதவை வெளிப்பக்கம் திறக்கிறபடி 90 செ.மீ. அகலத்தில் மாற்றினோம். உள்ளே நாற்காலி ஒரு சுற்றுச் சுற்ற 1.5 மீட்டர் வட்டம் வேண்டும். உள்தடுப்புச் சுவரை இடித்துத்தான் அது கிடைத்தது. மேல்நாட்டுக் கோப்பையின் உயரத்தை அவள் நாற்காலி இருக்கையின் உயரத்துக்கே வைத்தோம், பக்கவாட்டில் நகர்ந்து மாறி உட்கார அதுதான் வசதி. கைப்பிடிக் கம்பியை டைல்ஸில் துளை போட்டு பிளக் வைத்து முறுக்கிவிட்டுப் போவதுதான் பல இடங்களில் வழக்கம்; ஒரு பிள்ளை முழு எடையையும் போட்டால் கையோடு வந்துவிடும். சுவரை உடைத்து, கம்பியின் காலைக் கான்கிரீட்டில் புதைத்து, நான் தொங்கிப் பார்த்த பிறகுதான் விட்டேன். குழாய் நெம்புகோல் மாதிரி. திருகுவது அவள் விரலுக்கு வராது. எட்டுகிற உயரத்தில் ஒரு அலமாரி, ஒரு கொக்கி, மூடி போட்ட வாளி. சாவி ஆபீசில் இல்லை, கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான். இதைத் தலைமையாசிரியையிடம் தனியாகக் கேட்டு உறுதி வாங்கினேன்.

கேட்டிலிருந்து சாய்தளம், கழிப்பறை, குழாயடி, திடல் ஓரத்துப் புங்கமரம் வரைக்கும் பேவர் பிளாக் பாதை ஊர்ப்பணத்தில் போட்டது. கேரளத்தில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்க் கொத்தனார்களும் அவர்களுக்குக் கையாளாக இருக்கிற நிமிர்ந்தாள்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் செய்தார்கள். கல் தூக்கி நிற்காமல் மட்டம் பார்த்துப் பதிப்பது அவர்களுக்குத் தெரிந்த வேலை. பாதை மரத்தடி வரை வந்ததால் இப்போது கோகோ நடக்கும்போது இவளும் அங்கேதான் இருக்கிறாள், சக்கரக்காரி என்று ஒதுங்கி வராந்தாவில் இல்லை.

சாப்பாட்டுக்குத் தனியாக ஒன்றும் கட்டவில்லை. எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார, இவள் மட்டும் நாற்காலியில் மேலே இருந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள். சத்துணவு அக்கா இரண்டு டெஸ்க்கைக் கொண்டுவந்து போட்டார். தினம் நாலு பிள்ளைகள் முறை வைத்து அவளோடு மேஜையில் சாப்பிடுகிறார்கள்.

முடியாதவையும் இருக்கின்றன. கணினி அறை மாடியில். அந்த வகுப்பைக் கீழே இறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், மின்கம்பி வேலைக்குப் பணம் வர வேண்டும். எட்டாம் வகுப்பு முடிந்ததும் அவள் போக வேண்டிய உயர்நிலைப் பள்ளியைப் போன மாதம் சிறப்பாசிரியையோடு போய் அளந்துவிட்டு வந்தோம். அங்கே வராந்தா இரண்டே கால் அடி உயரம். சாய்வுக்கு மட்டும் 27 அடி வேண்டும், நடுவில் ஒரு சமதளமும் வைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். கழிப்பறை மைதானத்தின் அந்தக் கடைசியில். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிடம் அளவுகளையும் படங்களையும் மனுவோடு கொடுத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.