எல்எம்317-இன் முதுகு

வீட்டில் இருப்பது எச்ஓ என்ற அளவில் மாடல் ரயில் ஓடும் ஒரு முட்டை வடிவப் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மி.மீ. இடைவெளி. செட்டோடு வந்த கண்ட்ரோலரில் எஞ்சின் மட்டும் என்றால் நன்றாக ஓடும். ஐந்து பெட்டிகளைக் கோத்துவிட்டால் வளைவில் மாட்டு வண்டிதான். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: நேர்ப்பாதையில் 9 வோல்ட், வளைவில் 7. மோட்டார் கூடுதலாகக் கரண்ட் இழுக்க, வோல்டேஜ் படுத்துவிடுகிறது. சரி, லோடு ஏறினாலும் வோல்டேஜ் படுக்காத ஒரு ரெகுலேட்டட் சப்ளையை நாமே செய்துவிடலாம் என்று, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

15 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், வோல்டேஜை நிலையாகப் பிடிக்கும் எல்எம்317 ஐசி இரண்டு, 240 ஓம் ரெசிஸ்டர், 2.2 கிலோ ஓம் பாட் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்). இந்த ரெசிஸ்டரும் பாட்டும் சேர்ந்தால் 1.25 முதல் 12.7 வோல்ட் வரை கிடைக்கும், எச்ஓ ரயிலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. "கெபாசிட்டர் 25 வோல்ட் போதும் சார்" என்றார் கடைக்காரர். 15 வோல்ட் ஏசி பிரிட்ஜைத் தாண்டினால் 20-ஐத் தொடும், லோடு இல்லாவிட்டால் இன்னும் ஏறும். 35 வோல்ட் கேட்டு வாங்கினேன். வீட்டில் அளந்தபோது 23.4!

சால்டரிங் ஒரே மாலையில் முடிந்தது. ஐசியைத் தகர டப்பாவின் சுவரிலேயே திருகி முடுக்கினேன், டப்பாவே சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க் ஆகட்டும் என்று. மைனஸையும் டப்பாவோடு இணைத்தேன். சுவிட்சைப் போட்டால் அவுட்புட் பூஜ்யம், ஐசியோ தொட முடியாத சூடு. ஐசி போய்விட்டது என்று மாற்றினேன். அதே கதை. பாட்டைக் கழற்றி அளந்தேன், எல்லா இணைப்பையும் மறுபடி உருக்கினேன். இரண்டு இரவுகள் போயின.

மூன்றாம் நாள் காலையில்தான் உறைத்தது. பல வருடமாக 7812 என்ற 12 வோல்ட் ரெகுலேட்டர் ஐசியை இப்படித்தான் டப்பாவில் திருகி வந்தேன். அதன் முதுகுத் தகடு கிரவுண்டு, அதாவது மைனஸ். எல்எம்317-இன் முதுகு அவுட்புட்! நானே அவுட்புட்டை மைனஸோடு திருகி ஷார்ட் செய்திருக்கிறேன். நடுவில் கரண்ட் கடத்தாத மைக்கா வைத்து, திருகுக்கு பிளாஸ்டிக் புஷ் போட்டதும் உயிர் வந்தது. செத்ததாக ஒதுக்கிய முதல் ஐசியும் நலம். கரண்ட் மிஞ்சினாலும் சூடு மிஞ்சினாலும் அது தானே அடக்கிக்கொள்ளும். என் முட்டாள்தனத்தையும் சேர்த்துத் தாங்கியிருக்கிறது.

சூடு பற்றி ஒன்று. ரயில் மெதுவாகப் போகும்போதுதான் ஐசி அதிகம் காய்கிறது. 20 வோல்ட்டில் 5-ஐ ரயிலுக்குக் கொடுத்தால் மீதி 15-ஐ ஐசிதான் விழுங்க வேண்டும். அரை ஆம்பியருக்கே 7.5 வாட்.

பெட்டி தடம் புரண்டு ஷார்ட் ஆவது தினசரி நிகழ்ச்சி என்பதால், அவுட்புட்டில் 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டிருக்கிறேன். ஷார்ட் ஆனால் பல்பு எரிந்து கரண்ட்டை மட்டுப்படுத்தும். ஓடும்போது அரை வோல்ட் அதில் போகிறது, போகட்டும். பாட்டை முழுதாகக் குறைத்தாலும் 1.25 வோல்ட் மிச்சம் இருந்து எஞ்சின் முனகியது. இரண்டு 1என்5408 டயோடுகளை வரிசையாகப் போட்டதில், அந்த மிச்சத்தை அவை விழுங்கிக்கொள்ள, அதுவும் நின்றது.

இப்போது ஐந்து பெட்டியோடு வளைவில் வேகம் குறைவதே தெரியவில்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு குலுக்கல். பழைய கண்ட்ரோலரில் சமப்படுத்தக் கெபாசிட்டர் இல்லாததால் வந்த துடிப்புக் கரண்ட்டில் எஞ்சின் நைசாக நகர்ந்தது. கெபாசிட்டரைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் வைக்கலாம்தான். டப்பாவில் ஓட்டை போட இடம் இல்லை.