எசுத்தர் பிளவுறும் விதம்: மாரிகாலக் குறிப்புகள்

நவம்பர் 12, கல்லடி

ஆய்வுகூட அலுமாரியில் கிடந்த பழைய அஸ்பிரின் போத்தலைத் திறந்ததும் வினாகிரி மணம் மூக்கில் ஏறியது. வாவிப் பக்கத்து ஈரக்காற்று ஓயாத இந்த ஊரில் அதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. அஸ்பிரினும் ஓர் எசுத்தரே, அதாவது அமிலமொன்றும் OH கூட்டமுள்ள சேர்வையொன்றும் நீரை இழந்து இணைந்த சேர்வை. ஈரம் பட்டால் அது மெல்லச் சலிசிலிக் அமிலமாகவும், வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலமாகவும் பிரியும்; நீரால் இப்படிப் பிளவுறுவதே நீர்ப்பகுப்பு. ஒரு வில்லையைப் பொடித்து எதனோலில் கரைத்து, பெரிக் குளோரைட்டுக் கரைசலில் சில துளிகள் விட்டேன்; உடனே ஊதா நிறம் படர்ந்தது. புதிய வில்லையின் கரைசலில் அந்த நிறம் தோன்றவில்லை, ஏனெனில் ஊதா நிறம் தரவேண்டிய பீனோல் கூட்டம் (பென்சீன் வளையத்தில் நேரே ஒட்டிய OH) அதில் இன்னும் எசுத்தராகக் கட்டுண்டு கிடக்கிறது.

நவம்பர் 14

“எந்தப் பக்கத்தால சேர் உடையுது?” என்று உயர்தர வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். பாடநூல் ஒரே வரியில் கடந்துபோகும் இடம் இது. 1934இல் பொலானி, சாபோ என்னும் இரசாயனவியலாளர்கள் ஒட்சிசன்-18 (ஒட்சிசனின் பாரமான சமதானி) செறிந்த நீரில் அமைல் அசற்றேற்று என்னும் எசுத்தரை நீர்ப்பகுப்புக்கு உட்படுத்தியபோது, பாரமான ஒட்சிசன் அற்ககோலில் இல்லாதிருந்தது. ஆகவே அற்ககோல் தன் ஒட்சிசனோடேயே வெளியேறுகிறது. உடைவது காபனைல் காபனின் (அமிலப் பகுதியில் ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்புக் கொண்ட காபனின்) பக்கப் பிணைப்பு. மூன்றாம்நிலை அற்கைல் எசுத்தர்கள் (அற்ககோல் பக்கத்துக் காபன் வேறு மூன்று காபன்களோடு இணைந்தவை) அமில ஊடகத்தில் மறுபக்கம் உடைவதுண்டு என்பதையும் சொல்லிவைத்தேன்.

நவம்பர் 17

அமில ஊக்கியோடு நிகழும் நீர்ப்பகுப்பு மீள்தாக்கம், அதாவது இரு திசையிலும் நிகழக்கூடியது. அசற்றிக் அமிலத்தையும் எதனோலையும் சமமூல் அளவில் (மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாக) கலந்தால் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு எசுத்தராகிச் சமநிலை எய்தும் என்பது 1862 முதல், பிரெஞ்சு இரசாயனவியலாளர் பேர்த்தலோவின் அளவீடுகளிலிருந்தே, தெரிந்த செய்தி. எசுத்தரைப் பிளக்க வேண்டுமானால் நீரை மிகையாக எடுக்கவேண்டும். காரத்தில் கதை வேறு. பிறக்கும் அமிலம் அக்கணமே புரோத்தனை இழந்து காபொட்சிலேற்று அயனாகிவிட, மறையேற்றம் கொண்ட அந்த அயனை அற்ககோல் தாக்காது, தாக்கம் திரும்புவதில்லை. ஆனால் காரம் இங்கே ஊக்கியல்ல, தாக்கத்தில் செலவாகிவிடுகிறது: ஒரு கிலோகிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக ஏறத்தாழ 180 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு வேண்டும்.

நவம்பர் 20

நீரின் இடத்தில் அற்ககோல் வந்தால் ஓர் எசுத்தர் இன்னோர் எசுத்தராகும். எதைல் எசுத்தரை மெதனோலில் இட்டுச் ஊக்கியாகச் சோடியம் மெதொட்சைட்டுச் சேர்த்தால் மெதைல் எசுத்தர் கிடைக்கும். மெதனோல் மிகையாக இருப்பதே சமநிலையை அப்பக்கம் தள்ளுகிறது. தேங்காய் எண்ணெயிலிருந்து உயிர் டீசல் பெறுவதும் இவ்வழியே, கிளிசரோல் கீழே படியும். ஈரம் புகுந்தால் அங்கேயும் சவர்க்காரம் உருவாகி, இரு படைகளும் பிரியாமல் குழம்பிவிடும். வடைக்கடையில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கிளிசரோலோடு கட்டுறாத கொழுப்பமிலமும் கூடியிருக்கும் என்பதால், அதை முதலில் சூடாக்கி நீரைப் போக்கி, அமில அளவை நியமித்துப் (செறிவு தெரிந்த காரத்தைத் துளித்துளியாகச் சேர்த்து அளந்து) பார்த்த பின்னரே மெதொட்சைட்டை அளக்கவேண்டும்.