முதலமடையில் ஒரு பன்றிக் காவல்

ஆனைமலைக்குப் பக்கத்தில் வேட்டைக்காரன்புதூர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு நாற்பது வயதில் வேட்டை ஆசை வந்ததில் என்ன ஆச்சரியம்? "மாமா, பன்னி சுடறதுக்கு ஆளு வர்ற அன்னிக்கி எனக்குச் சொல்லுங்க, நானும் கத்துக்கறேன்" என்று ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. "நாளைக்கு ராத்திரி வர்றாங்களாம் மாப்ள. ஸ்வெட்டர் எடுத்துக்க. அப்புறம், அந்த வாசனை எண்ணெய் கிண்ணெய் எதுவும் தேச்சுட்டு வந்துறாத."

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாக, கேரள எல்லைக்குள் இருக்கும் முதலமடை ஒரு மணி நேரப் பயணம்தான். சோதனைச்சாவடி தாண்டியதும் போர்டில் எழுத்து மாறும், கள்ளுக்கடை தென்படும், மற்றபடி அதே பனை, அதே தென்னை, அதே "ஏனுங்க". மாமாவின் தாத்தா காலத்திலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் மலையாளம், வீட்டில் தமிழ், மாட்டை அதட்டும்போது இரண்டும் கலந்து. முதலமடை என்றால் மாங்காய். மற்ற ஊர்களுக்கு முன்னால் இங்கே காய் வந்துவிடும். ரயில்வே ஸ்டேஷனில் இருக்கும் ஆலமரங்களை சினிமாவில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். தெற்கே சுவர் மாதிரி நெல்லியாம்பதி மலை. பன்றி வருவது அங்கிருந்துதான்.

மாமா என்னை வீட்டுக்குள் விடாமல் நேரே வயலுக்குக் கூட்டிப்போனார். அறுப்புக்கு இருபது நாள் இருந்த நெல். நடுவே இரண்டு இடங்களில் யாரோ பாய் விரித்துப் படுத்துப் புரண்டது போல் கதிர் சாய்ந்து கிடந்தது. பாதிக் கதிரை மென்று சக்கையாகத் துப்பியிருந்தது. தின்றதை விட மிதித்தது அதிகம். வரப்பில் மூக்கால் முழ நீளத்துக்கு உழுதிருந்தது. மண்புழுவும் கோரைக்கிழங்கும் தேடியிருக்கும். "வரப்ப ஒடச்சதுதான் மாப்ள பெரிய நட்டம். தண்ணி பூரா கீழ் வயலுக்குப் போயிருச்சு. நெல்லு போனாப் போவுது, கீழ் வயக்காரங்கிட்ட வாங்கிக் கட்டிக்கணுமே!"

பட்டாளத்து அண்ணன் நாலரை மணிக்கே பைக்கில் வந்துவிட்டார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது தென்னந்தோப்பும் நாலு எருமையும். பஞ்சாயத்துப் பட்டியலில் இருக்கும் லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்களில் ஒருவர். கேரளத்தில் 2022 மே மாதத்திலிருந்து ஊராட்சித் தலைவருக்கே கௌரவ வனவிலங்குக் காப்பாளர் என்ற பதவியைக் கொடுத்து, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டார்கள். விவசாயி மனு எழுதிக் கொடுக்கணும், உத்தரவு வரணும், அப்புறம்தான் துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரும். மாமா மனு கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரத்தில் பன்றி நான்கு முறை வந்து போயிருந்தது.

நான் ஆவலாகத் துப்பாக்கிப் பக்கம் கை நீட்டினேன். "தொடாதீங்க தம்பி" என்றார். கோபமில்லை, ஆனால் அதற்கு மேல் பேச்சும் இல்லை. "லைசென்ஸ் எம்பேர்ல இருக்குது. உங்க கையில குடுத்தா எம்மேல கேஸு. எலக்சன் வந்தா நானே இதக் கொண்டுபோய் ஸ்டேசன்ல ஒப்படைக்கணும். அப்ப பன்னிக்கு ரெண்டு மாசம் லீவு."

அதோடு என் வேட்டைப் பயிற்சியின் முதல் பாடம் முடிந்தது. இரண்டாவது பாடம் குனிந்து நடப்பது. வாய்க்கால் ஓரச் சேற்றில் தடம் காட்டினார். ஆட்டுக் குளம்பு மாதிரிதான் இரண்டு பிளவு, ஆனால் பின்னால் இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு புள்ளிகள், மேல் குளம்பு பதிந்தது. ஆட்டுக்கு அது அவ்வளவாகப் பதியாது. பன்றிக்குச் சேற்றில் நன்றாகவே விழும். மாந்தோப்பு எல்லையில் ஒரு குட்டை. பன்றி புரண்டு புரண்டு தொட்டி மாதிரி ஆக்கி வைத்திருந்தது. பக்கத்து மாமரத்தில் என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை சேறு காய்ந்து அப்பியிருந்தது. உரசியிருக்கிறது. பட்டை இடுக்கில் ஒரு மயிர் சிக்கியிருந்ததை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நைலான் தூரிகை முள் போல விறைப்பு. நுனியில் மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது. "இவ்வளவு ஒசரத்துல சேறு இருந்தா இவன் ஒத்தை. நல்ல கெடா." கூட்டமாக வருவது தாயும் குட்டிகளும், வளர்ந்த ஆண் தனியாகத்தான் திரியும் என்றார்.

சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். பழனித் திருநீறு. ஒரு சிட்டிகை எடுத்து முகத்துக்கு நேரே விட்டார். பூசிக்கொள்வார் என்று நினைத்தேன். அது விழாமல் மேற்கே போனது. அவ்வளவுதான், மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். ராத்திரி பூராவும் பனை ஓலை சடசடக்கும். பன்றிக்குக் கண் மந்தம், மூக்குதான் எல்லாமும். அது தெற்கேயிருந்து இறங்கி வரும். நாம் கிழக்கே இருந்தால் நம் வாசனை நேராக அதன் மூக்குக்குப் போகும். ஆகவே வயலின் மேற்கு ஓரத்து மோட்டார் ரூம் மொட்டை மாடியில் உட்கார வேண்டும். அதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார்: மேலேயிருந்து கீழே சுட்டால் தவறிய ரவை மண்ணுக்குள் போகும். தரையில் நின்று சுட்டால் அது அடுத்தவன் வீட்டு ஓடு வரைக்கும் போகும். நான் கொசுவுக்குப் பூசியிருந்த களிம்பின் வாசம் வந்ததும் முகத்தைச் சுளித்து, "கழுவிட்டு வாங்க" என்றார். கழுவினேன். ராத்திரி முழுக்கக் கொசு என்னைத் தின்றது.

ஏழு மணிக்கு மேலே ஏறியதும் பேசக்கூடாது. ஆனால் அதற்கு முன் டீ குடிக்கும்போது ஒரு விஷயம் சொன்னார், இன்னும் மனதில் நிற்கிறது. "துப்பாக்கிதான் தம்பி இதுல யோக்கியமான வழி." பன்றிக்கென்று திருட்டுத்தனமாக மின்கம்பி இழுத்துவிடுவார்கள். 2022-ல் பாலக்காட்டில் அப்படி ஒரு கம்பியில் மாட்டி இரண்டு போலீஸ்காரர்கள் இறந்தார்கள். இன்னொரு வழி அவுட்டுக்காய், தின்பண்டத்துக்குள் வெடிமருந்து. 2020-ல் இதே மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணி யானை வாய் சிதறி ஆற்றில் நின்றபடியே செத்தது அந்த மாதிரி வெடியால்தான். உலகமே அழுதது. "அதுக்கப்புறமும் வைக்கிறானுக" என்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னொரு காலத்தில் அவரும் ஒரு கம்பி இழுத்தவர்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை.

காத்திருப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குளிர், முதுகுவலி, கீழே சுவரில் ஒரு பல்லி. பல்லி கத்தும்போதெல்லாம் மாமா விரலால் தரையைச் சுண்டினார்.

பதினொன்றரை இருக்கும். மாந்தோப்பில் சருகு நொறுங்கும் சத்தம். பிறகு "உர்ர்" என்ற ஒரு சின்ன உறுமல், வேட்டியைக் கிழிப்பது போல. அண்ணன் தலையில் கட்டியிருந்த சிவப்பு விளக்கைப் போட்டார். சிவப்பு வெளிச்சம் அதற்கு அவ்வளவாகப் புலப்படாதாம். முன்னால் ஒரு பெரிய உருவம், பின்னால் சின்னது சின்னதாக உருண்டைகள். எண்ணினேன். ஆறு. மேலே கோடு போட்ட குட்டிகள், அணில் மாதிரி. முப்பது கெஜத்துக்குள் வந்துவிட்டன. துப்பாக்கி உயரவே இல்லை.

மாமா அண்ணன் தொடையைக் கிள்ளினார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். கீழே கதிர் முறியும் சத்தம் தெளிவாகக் கேட்டது, ஒவ்வொன்றாக, நிதானமாக. சொந்த நெல்லைப் பன்றி மெல்லும் சத்தத்தை இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து கேட்பது எப்படி இருக்கும் என்று மாமாவின் மூச்சில் தெரிந்தது. கடைசியில் அவர் செருப்பை எடுத்து எறிந்தார். அத்தனையும் ஒரே பாய்ச்சலில் மறைந்தன.

"பால் குடுக்குற தாயி" என்றார் அண்ணன். "அதச் சுடறதில்ல."

"நாலு மாசத்துல அந்த ஆறும் வந்து நிக்குமுங்க."

"நிக்கும்."

அதற்கு மேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. இன்னும் அப்படித்தான் படுகிறது.

மூன்று மணிக்கு ஒத்தை வந்தது. சத்தமே இல்லை. தேய்பிறை நிலா வெளிச்சத்தில் வரப்பின் மேல் ஒரு பாறை முளைத்த மாதிரி நின்றது. மூக்கைத் தூக்கிக் காற்றைப் பார்த்தது. அண்ணன் அசையவில்லை. அது பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்தார். ஆண் பன்றிக்குத் தோள்பட்டையின் மேல் தோல் கேடயம் மாதிரித் தடித்திருக்கும், நேருக்கு நேர் சுட்டால் காயப்பட்டு ஓடும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் கீழே வைக்கணும் என்று சாயங்காலமே மாமரத்தில் கை வைத்துக் காட்டியிருந்தார். பன்னிரண்டு போர் (12-bore) இரட்டைக்குழல் துப்பாக்கி, பெரிய குண்டுகள் அடைத்த எல்ஜி தோட்டா. ஒரே வெடி. என் காதில் விசில் அடித்தது. பன்றி விழவில்லை. ஓடிவிட்டது.

நான் எழுந்துவிட்டேன். என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். குழலை மடித்து வெடித்த தோட்டாவை வெளியே எடுத்துப் பையில் போட்டார், புதிதாக ஒன்றை வைத்தார், ஒரு பீடி பற்றவைத்தார். "அடிபட்ட பன்னி பின்னால இருட்டுல போறவன் ஊட்டுக்கு வரமாட்டான்." விடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

வெளிச்சம் வந்ததும் இரத்தத் தடம். முதலில் துளித்துளியாக, பிறகு நெல் தாளில் நுரையோடு. நுரை இருந்தால் நுரையீரல், தூரம் போயிருக்காது என்றார். எண்பது அடியில், அதே மாமரத்தின் கீழே கிடந்தது. கோரைப்பல் இரண்டும் மேல் நோக்கி வளைந்து கட்டைவிரல் நீளத்துக்கு வெளியே. உண்ணி இறங்க ஆரம்பித்திருந்தது. என்ன நாற்றம் என்று சொல்லத் தெரியவில்லை, சேறும் பழைய மாங்காயும் ஆட்டுக்கிடாயும் சேர்ந்த ஒன்று.

நான் எதிர்பார்த்திருந்த வெற்றிக் களிப்பு வரவில்லை. வந்தது பேப்பர். வனத்துறை ஆள் வந்தார், டேப் வைத்து நீளம் அளந்தார், எத்தனை தோட்டா செலவு என்று கேட்டார், நடந்ததைப் பதிவு செய்யும் மகஜர் எழுதினார், போட்டோ எடுத்தார். மாமா குழி வெட்ட ஆள் கூப்பிட்டிருந்தார். கறியைத் தொடக்கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கணும். வேடிக்கை பார்க்க வந்த கிழவர் ஒருவர் குழியை எட்டிப் பார்த்து, "எத்தன கிலோ கறி, அநியாயமா மண்ணுக்குப் போவுது" என்று மனம் நொந்துபோனார். குழி வெட்டியவர் கூலியை மாமாதான் கொடுத்தார். பஞ்சாயத்திலிருந்து திரும்பி வரும் என்கிறார்கள். போன வருடத்துப் பன்றிக்கே இன்னும் வரவில்லையாம்.

மாமாவின் தம்பிக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் தோட்டம். அங்கே கணக்கே வேறு. 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரைக்கும் கூண்டில் பிடித்துக் காட்டில் விடணும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் துப்பாக்கி, அதுவும் வனத்துறை மட்டும். எல்லை எங்கே என்று பன்றிக்குத் தெரியாது. கேரளம் எத்தனையோ முறை கேட்டும், காட்டுப்பன்றியைத் தொல்லை விலங்கு என்று அறிவிக்க ஒன்றிய அரசு இதுவரை சம்மதிக்கவில்லை. டீக்கடையில் இதைப் பேச ஆரம்பித்தால் பஸ் போய்விடும். எனக்கும் ஒன்று போய்விட்டது.

அடுத்த புதன்கிழமை ஆபீசில் இருந்தபோது மாமா கூப்பிட்டார். "அன்னிக்கி உட்டமே அந்தத் தாயி, ஆறு குட்டியோட நேத்து ராத்திரி வந்துருச்சு மாப்ள. கெழக்கு மூலை பூராப் போச்சு."

"காத்து எப்படி இருந்துச்சு மாமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நின்னு போச்சுடா" என்றார்.